அந்த இரண்டாவது படத்தையும் வைத்திருங்கள்

ஸ்காட்லாந்துக் கடலோரத்தில் இருக்கும் எங்கள் ஊர்க் கவுன்சிலின் உறுப்பினர்களுக்கும், நூலகங்களை நடத்தும் பொறுப்பாளர்களுக்கும்,

நூலக மாடியில் உள்ள உள்ளூர் வரலாற்று அறையை மூடப்போகிறீர்கள் என்ற செய்தி, வாசல் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஒற்றைத் தாளில்தான் எங்களுக்குத் தெரியவந்தது. பதினோரு ஆண்டுகளாகச் சனிக்கிழமை தவறாமல் அந்த அறையில் உட்கார்ந்து பழைய புகைப்படங்களுக்குக் குறிப்பு எழுதிவரும் தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி. எங்களில் ஒருவரிடமும் நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தாளில் இருந்தது இதுதான். புகைப்படங்களில் பத்தில் ஒரு பங்கைச் 'சிறந்தவை' என்று தேர்ந்தெடுத்து ஸ்கேன் செய்வீர்கள். மீதி, இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள ஒரு கிடங்குக்குப் போகும். ஒரே மாதிரியானவையும், யாரென்று தெரியாதவையும், பழுதானவையும் கழிக்கப்படும்.

கழிக்கப்படவிருக்கும் படங்களின் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். அதில் ஒரு வரியைப் பற்றி மட்டும் முதலில் சொல்கிறேன்.

புகைப்படம் பதிந்த இரண்டு பழைய கண்ணாடித் தகடுகள். துறைமுகத்தை ஒட்டிய மீன் முற்றத்தில், சில நொடி இடைவெளியில், ஒரே இடத்திலிருந்து எடுத்தவை. ஃபார்லின் என்று இங்கே சொல்லும் நீளமான மரத்தொட்டி நிறைய ஹெர்ரிங் மீன் குவிந்திருக்கிறது. நம்மூர் மத்தியைப் போன்ற வெள்ளி மீன். தொட்டிக்குப் பின்னால் ஒன்பது பெண்கள். எண்ணெய்த்துணி மேலாடை, விரல்களில் சுற்றிய வெள்ளைத் துணிக் கீற்றுகள். அந்தத் துணிக்கு இங்கே குளூட் என்று பேர். கத்தி நழுவினால் விரல் போகும், வெட்டுக்காயத்தில் உப்பு இறங்கினால் இரவெல்லாம் தூக்கம் போகும், அதற்காகக் காலையில் முதல் வேலையாக ஒருத்திக்கு ஒருத்தி கட்டிவிட்டுக்கொள்வது. முதல் தகட்டில் ஒன்பது பேரும் கைகளைக் கட்டிக்கொண்டு கேமராவைப் பார்க்கிறார்கள். கூர்மையான, அழகான படம். உங்கள் பட்டியல் அதை வைத்துக்கொள்கிறது. இரண்டாவது தகட்டில் வரிசை கலைந்துவிட்டது. வலது ஓரத்துப் பெண் வேலைக்குத் திரும்பிவிட்டாள், முகம் அசைந்து மங்கிப் போயிருக்கிறது. உங்கள் பட்டியலில் அதற்கு எதிரே எழுதியிருப்பது: நகல், அசைவு, கழிக்கவும்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை இந்த இரண்டு படங்களையும் பெரிதாக அச்சிட்டு மேஜையில் வைத்திருந்தோம். 87 வயதுப் பாட்டி ஒருவர் மகன் கையைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். முதல் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, தெரியவில்லை என்று தலையசைத்தார். இரண்டாவது படத்தைப் பார்த்ததும் விரலை வலது ஓரத்தில் வைத்தார். எடுக்கவே இல்லை. "கத்தி இடது கையில் இருக்கிறது பார். இந்த முற்றத்தில் இடது கைக்காரி ஒருத்திதான். என் அம்மா" என்றார்.

அதன் பிறகு அவர் முதல் படத்துக்குத் திரும்பினார். அம்மா எந்த இடத்தில் நின்றாள் என்று தெரிந்துவிட்டதால், பக்கத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். இருவர் குடல் எடுக்க, ஒருவர் பீப்பாயில் அடுக்க, மூன்று மூன்று பேராகத்தான் அவர்கள் வேலைக்குச் சேர்வார்கள். அம்மாவின் குழுவில் இருந்த மற்ற இருவர் அத்தையும் அடுத்த வீட்டுக்காரியும். ஒரு மணி நேரத்தில் ஒன்பதில் ஏழு பேருக்குப் பெயர் கிடைத்தது. படத்தின் பின்னணியில் நிற்கும் நீராவிப் படகின் பதிவு எண் இரண்டாவது தகட்டில்தான் முழுதாகத் தெரிகிறது. முதலாவதில் ஒரு பீப்பாய் அதை மறைக்கிறது. அந்த எண்ணை வைத்துத்தான் படம் 1930-ஐ ஒட்டியது என்று சொல்ல முடிந்தது.

அந்தப் பாட்டி போன வருடம் காலமாகிவிட்டார். அவர் சொன்னது, அந்தத் தகட்டின் உறை மேல் பென்சிலில், என் கையெழுத்தில் இருக்கிறது. தகட்டை வீசினால் உறையும் போகும்.

நீங்கள் 'நகல்' என்று எழுதியிருப்பது பிழை. ஒரே தகட்டிலிருந்து போட்ட இரண்டு அச்சுகள்தான் நகல். இவை இரண்டு வேறு நொடிகள். பட்டியலில் 'நகல்' என்று குறிக்கப்பட்ட பக்கங்களை நாங்கள் வரிசையாகச் சரிபார்த்துவருகிறோம். பாதி கூட முடியவில்லை, அதற்குள் இப்படிப்பட்ட ஜோடிகள் நிறையத் தென்பட்டுவிட்டன. உருளைக்கிழங்கு பொறுக்குவதற்காக விடும் பள்ளி விடுமுறையில் வயலில் குனிந்திருக்கும் பள்ளிப் பிள்ளைகள், வலை பின்னும் கிழவர், பனிநாளில் ரொட்டி வண்டி, சர்ச்சுக்கு வெளியே காத்திருக்கும் கல்யாணக் கூட்டம். முதல் படத்தில் எல்லோரும் நேராக நிற்கிறார்கள். இரண்டாவதில் வாழ்கிறார்கள். 'சிறந்தது' எது என்று ஒரு புதிய ஆளிடம் கேட்டால் முதலாவதைத்தான் எடுப்பார். ஊர்க்காரரிடம் கேட்டால் இரண்டாவதை.

'யாரென்று தெரியாதவை' என்ற பிரிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தக் கரையில் பெயர் எப்படி வழங்குகிறது என்பதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு மீனவ ஊரில் பாதிப் பேர் ஸ்மித் அல்லது ஃப்ளெட் அல்லது அதைப்போல் இன்னும் இரண்டே குடும்பப் பெயர்கள். ஒரே தெருவில் நான்கு ஜேம்ஸ் ஸ்மித் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? அதற்குத்தான் டீ-நேம் என்னும் பட்டப்பெயர். அது ஒரு குடும்பத்துக்கே தலைமுறையாக வரும். கப்பல் கணக்கிலும் கடைக் கணக்கிலும் அதைச் சேர்த்தே எழுதினார்கள். படத்தின் பின்னால் 'ஸ்மித் குடும்பம்' என்று இருந்தால் அது யாரென்று எந்தக் கணினியும் கண்டுபிடிக்காது. "இது அந்தப் பட்டப்பெயர்க்காரர் வீட்டுக் குவைன்" என்று சொல்ல ஓர் ஊர்க்கிழவி வேண்டும். குவைன் என்றால் இங்கே பெண்பிள்ளை. நான் இந்த ஊர்ப் பேச்சைக் கற்றுக்கொண்டதே அந்த மேஜையில்தான். பட்டப்பெயர் தெரிந்த தலைமுறைக்கு இப்போது எண்பது, தொண்ணூறு வயது. 'தெரியாதவை' என்று நீங்கள் ஒதுக்கியிருக்கும் படங்கள் இன்னும் யாரிடமும் கேட்கப்படாதவை, அவ்வளவுதான்.

இந்த மடலின் ஆங்கில வடிவத்தை உங்கள் அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். ஆனால் முதலில் எழுதியது தமிழில்தான். இதைத் தமிழில் வெளியிடவும் எனக்கு ஒரு காரணம் உண்டு. நான் நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்கரைக்காரி. என் அப்பாயி ஐம்பது வருடம் கருவாடு காயவைத்து, கூடையில் சுமந்து விற்றவர். அவர் மணலில் மீன் பரப்பியதை, உப்பு அரித்த அவருடைய கைகளை, யாரும் படம் எடுக்கவில்லை. எங்களிடம் இருப்பது ஒரே ஒரு ஸ்டூடியோ படம். இரவல் நகை போட்டு, பூச்சாடிக்குப் பக்கத்தில் விறைப்பாக நிற்கிறார். அது அவர் இல்லை. இந்த ஊருக்கு வந்து, மாடி அறையில் முதன்முதலாக அந்த மீன் முற்றத்துப் படங்களைப் பார்த்தபோது, உழைக்கும் பெண்களை உழைக்கும் கோலத்திலேயே ஓர் ஊர் பாதுகாத்து வைத்திருக்கிறதே என்று நெஞ்சு நிறைந்து நின்றேன். அன்றிலிருந்துதான் சனிக்கிழமைகளை அங்கே கொடுத்துவருகிறேன். எங்களுக்குக் கிடைக்காத ஒன்று உங்களிடம் பெட்டி பெட்டியாக இருக்கிறது. அதை நீங்களே கழிக்கப்போகிறீர்கள் என்பதை என்னால் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

சாதாரண மக்களைப் படமெடுப்பது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. புகைப்படக்கலை பிறந்த சில ஆண்டுகளுக்குள், 1843-க்கும் 1847-க்கும் இடையில், டேவிட் ஆக்டேவியஸ் ஹில், ராபர்ட் ஆடம்சன் இருவரும் எடின்பரோவை அடுத்த நியூஹேவனில் மீனவர்களையும் மீன்காரிகளையும் எடுத்தார்கள். அதில் கூடையோடு நிற்கும் ஒரு பெண்ணின் பெயர் எலிசபெத் ஜான்ஸ்டன் ஹால் என்று இன்றைக்கும் அருங்காட்சியகங்கள் எழுதிவைக்கின்றன. 180 ஆண்டுகள் ஆகியும் ஒரு மீன்காரியின் பெயர் நிலைத்திருக்கிறது. எங்கள் முற்றத்துப் பெண்களுக்கு இன்னும் நூறு வருடம்கூட ஆகவில்லை.

உங்களைப் போன்ற ஒரு நிர்வாகம் செய்த காரியத்தையும் நினைவூட்டுகிறேன். கிளாஸ்கோவில் நெரிசலான பழைய சந்துகளை இடித்துத் தள்ள 1866-ல் சட்டம் வந்தது. இடிக்கும் பொறுப்பை ஏற்ற நகர மேம்பாட்டு அறக்கட்டளையே, இடிப்பதற்கு முன் அவற்றைப் படம் எடுத்து வைக்கும்படி புகைப்படக்காரர் தாமஸ் ஆனனிடம் சொன்னது. 1868 முதல் 1871 வரை அவர் எடுத்தார். சந்துக்குக் குறுக்கே கட்டிய கொடியில் துணி, ஈரக் கற்கள், நெடுநேர ஒளிப்பதிவில் அசைந்து புகையாகிப்போன குழந்தைகள். உங்கள் அளவுகோலில் அந்தக் குழந்தைகள் பழுது. இன்று கிளாஸ்கோவின் பழைய வாழ்க்கையைப் பற்றிப் பேசும் எவரும் அந்தப் படங்களைத் தொடாமல் போவதில்லை. வீடுகளை இடித்தவர்கள்கூடப் படங்களைக் காப்பாற்றினார்கள்.

வடக்கே விக் ஊரைப் பாருங்கள். ஜான்ஸ்டன் குடும்பம் மூன்று தலைமுறையாக, 1863 முதல் 1975 வரை அந்த ஊரையும் துறைமுகத்தையும் எடுத்தது. ஏராளமான தகடுகள் அழிந்துபோன பிறகும் சுமார் 50,000 படங்கள் தப்பின. அவை ஊருக்குள்ளேயே, ஊர்ச் சங்கத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. லூயிஸ் தீவின் நெஸ் பகுதி மக்கள் 1977-லேயே தங்களுக்கென்று வரலாற்றுச் சங்கம் தொடங்கி, வீடு வீடாகப் படங்களையும் பேச்சையும் சேர்த்தார்கள். சவுத் யுயிஸ்ட் தீவில் மார்கரெட் ஃபே ஷா 1929 முதல் ஆறு வருடம் இரண்டு சகோதரிகளின் வீட்டிலேயே தங்கி, அடுப்பெரிக்கச் சதுப்பு நிலத்தில் புல்கரி வெட்டுவதையும் மாடு மேய்ப்பதையும் படமெடுத்தார். படத்தில் இருப்பவர்கள் அவருக்கு அன்றாடம் பேசிப் பழகியவர்கள். ஒரு படத்துக்கு உயிர் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? படமும், அது எடுக்கப்பட்ட இடமும், அதைப் பார்த்துப் பெயர் சொல்லும் ஆளும் ஒரே ஊரில் இருக்க வேண்டும்.

இனி உங்கள் காரணங்கள். மூன்று சொல்லியிருக்கிறீர்கள்.

ஆள் வருவதில்லை என்கிறீர்கள். நூலகத்தின் லிஃப்ட் பழுதாகி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்த அறைக்கு வர வேண்டியவர்கள் எண்பதைத் தாண்டியவர்கள். 31 படிகள். நான் எண்ணியிருக்கிறேன், ஏனென்றால் ஒவ்வொரு படியிலும் யாரையாவது கைப்பிடித்து ஏற்றியிருக்கிறேன். வருகைப் பதிவேட்டில் ஏறி வந்தவர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள். நான் வேலை செய்வது முதியோர் இல்லத்தில். அறையிலிருந்து அச்சுப் பிரதிகளை மாதம் ஒருமுறை அங்கே எடுத்துப்போகிறேன். பெற்ற மகளின் பெயரையே மறந்துவிட்ட ஒரு பெரியவர், துறைமுகப் படத்தில் கரையை அணைந்து நின்ற படகுகளை இடமிருந்து வலமாக வரிசையாகப் பெயர் சொன்னார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டே எழுதிக்கொண்டார். அவர்கள் உங்கள் கணக்கில் இல்லை.

தீ அபாயம் என்கிறீர்கள். பழைய நைட்ரேட் ஃபிலிம் எளிதில் தீப்பற்றும் என்பது உண்மைதான். அதை நாங்களும் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் சேகரிப்பில் அது ஒரே ஒரு பெட்டி. அதைத் தனியே பிரித்து, தகுந்த குளிர்க் காப்பகத்துக்கு அனுப்பச் சொல்லி நாங்களே எழுதிக் கேட்டிருந்தோம். மற்றவை கண்ணாடியும் காகிதமும். 1950, 60-களின் அசிட்டேட் ஃபிலிம் கொஞ்சம். அதில் சிலவற்றில் வினிகர் வாடை வரத் தொடங்கியிருக்கிறது. அந்த வாடை வந்தால் ஃபிலிம் சுருங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள், பக்கத்தில் இருப்பதையும் அது கெடுக்கும். இதற்கு மருந்து குளிர்ச்சியும் காற்றோட்டமும். நீங்கள் சொல்லும் கிடங்கு வெப்பக் கட்டுப்பாடு இல்லாத தகரக் கட்டடம். போன குளிர்காலத்தில் கூரை ஒழுகியபோது நீங்கள் அனுப்பிய ஆட்கள் தகடுப் பெட்டிகளை நடைபாதையில் படுக்கைவாக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். கண்ணாடித் தகட்டை நீள விளிம்பில் நிறுத்தித்தான் வைக்க வேண்டும். மறுநாள் நான் பெட்டியைத் திறந்தபோது அடியில் இருந்த மூன்று தகடுகள் உடைந்திருந்தன. துண்டுகளைத் தனித்தனிக் காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறோம். உங்கள் பட்டியலில் அவையும் 'பழுதானவை' என்று ஏறியிருக்கின்றன.

மூன்றாவது காரணம் பணம். உள்ளாட்சிகள் எவ்வளவு நெருக்கடியில் இருக்கின்றன என்று முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் எனக்குத் தெரியாமல் இல்லை. அதனால்தான் நாங்கள் இத்தனை வருடம் ஒரு பென்னிகூடக் கேட்டதில்லை. அமிலமற்ற உறைகளைக்கூட ஊரில் கேக் விற்றுத்தான் வாங்கினோம். ஸ்கேன் செய்துவிட்டால் செலவு முடிந்தது என்று நினைப்பதும் சரியல்ல. கோப்புகளையும் காலாகாலத்துக்கு வேறு வேறு கணினி வட்டுக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கும் ஆளும் பணமும் வேண்டும். அதோடு, ஸ்கேன் திட்டத்தில் படங்களின் முன்பக்கம் மட்டுமே இருக்கிறது. பின்பக்கத்தில்தான் ஊர் இருக்கிறது. "யார்மவுத், மழை, மூன்று நாள் வேலை இல்லை" என்று ஒரு அட்டையின் பின்னால் எழுதியிருக்கிறது. வடக்கே ஷெட்லாந்துத் தீவுகளிலிருந்து தெற்கே இங்கிலாந்தின் கிரேட் யார்மவுத் வரை மீன்கூட்டத்தின் பின்னாலேயே கப்பலிலும் ரயிலிலும் போன பெண்களில் ஒருத்தி வீட்டுக்கு எழுதியது. முன்பக்கத்தில் சும்மா ஒரு தெரு.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன்.

முதலாவதாக, கழிப்பதை இன்றே நிறுத்துங்கள். வாய்வார்த்தையாக அல்ல, எழுத்தில். உடைந்த மூன்று தகடுகள் உட்பட எதுவும் கட்டடத்தை விட்டு வெளியே போகக் கூடாது.

எந்த அளவுகோலில், யார் தேர்ந்தெடுத்தார்கள், அவர்களில் எத்தனை பேர் இந்த ஊர்க்காரர்கள் என்பதை வெளியிடுங்கள். 2002-ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து தகவல் சுதந்திரச் சட்டப்படி இதைத் தனி மனுவாகவும் கொடுத்திருக்கிறேன். 20 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டியது உங்கள் கடமை.

இந்தப் படங்களில் பெரும்பகுதி வீடுகளிலிருந்து வந்தவை. ஊரார் பார்ப்பதற்காக என்று கையெழுத்திட்டுக் கொடுத்த படிவங்கள் உங்கள் அலமாரியிலேயே இருக்கின்றன. ஒன்றையாவது நீங்கள் வேண்டாம் என்று முடிவு செய்தால், கொடுத்த குடும்பத்தைத் தேடி முதலில் அவர்களிடம் கேளுங்கள். முகவரி கண்டுபிடிக்கும் வேலையை நாங்கள் செய்துதருகிறோம்.

ஸ்கேன் செய்வதானால் இரண்டு பக்கமும், உறையும் சேர்த்துச் செய்யுங்கள். ஜோடித் தகடுகளைப் பிரிக்காதீர்கள்.

பெயர் தெரியாத படங்களுக்கு இரண்டு குளிர்காலம் அவகாசம் கொடுங்கள். தரைத்தளத்தில், சிறுவர் பகுதிக்குப் பக்கத்தில் சும்மா கிடக்கும் அந்தச் சின்ன அறையை வாரம் ஒருநாள் திறந்துவிட்டால் போதும், படி ஏற முடியாதவர்கள் வருவார்கள். மேஜை, விளக்கு, உருப்பெருக்கி எங்களிடம் இருக்கின்றன. வீட்டை விட்டு நகர முடியாதவர்களிடம் நாங்களே படங்களைக் கொண்டுபோகிறோம்.

2015-ஆம் ஆண்டின் சமூக அதிகாரமளிப்புச் சட்டத்தின் கீழ், இந்த முடிவில் பங்கேற்க எங்கள் குழு கோரிக்கை மனு தயாரித்துவிட்டது. அடுத்த வாரம் உங்கள் கைக்கு வரும். தகுந்த காரணம் இல்லாமல் அதை மறுக்க முடியாது என்பது உங்களுக்கும் தெரியும். மறுக்கும் வழிகளைத் தேடாமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, இந்த முடிவின் மேல் நீங்கள் நடத்தும் வாக்கெடுப்புக்கு முன் உறுப்பினர்கள் எல்லோரும் ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மாடி அறைக்கு வாருங்கள். அந்த இரண்டு தகடுகளையும் விளக்குப் பலகை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்போம். ஒன்பதில் இரண்டு பெண்களுக்கு இன்னும் பெயர் கிடைக்கவில்லை. உங்களில் பலர் இந்த ஊர்ப் பிள்ளைகள். உங்கள் வீட்டுப் பெரியவர்களையும் அழைத்து வாருங்கள்.

இப்படிக்கு,
உள்ளூர் வரலாற்று அறையின் சனிக்கிழமைத் தன்னார்வலர்களில் ஒருத்தி